விடுபட்ட வரிசை

ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அரசியல் நூல் பட்டியலில் அரசின்மைப் பொதுவுடைமைக்கு, அதாவது அரசும் தனிச்சொத்தும் இல்லாமல் மக்கள் தாமாகவே கூடி வாழலாம் என்னும் கொள்கைக்கு, ஒரு வரிகூட இல்லை. வெடிகுண்டுக்காரர்கள் என்ற பழைய பயம்தான் காரணமோ என்னவோ!

புதிதாக வாசிப்பவர்கள் அலெக்சாண்டர் பெர்க்மனிடமிருந்து தொடங்கட்டும். அமெரிக்காவில் 14 ஆண்டு சிறையிலிருந்த அவர், 1929இல் இக்கொள்கையின் அரிச்சுவடியாக ஒரு நூல் எழுதினார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் சந்தேகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதுபோன்ற நடை. அவரும் என்னைப் போல அச்சுக்கோத்தவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு.

அடுத்து ரஷ்யச் சிந்தனையாளர் கிரபோத்கினின் 'ரொட்டிக்கான வெற்றி', 1892. புரட்சி நடந்த மறுநாள் ஊருக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று கேட்ட புத்தகம். இங்கிலாந்துக் கரையோர உயிர்மீட்புப் படகுகளை அதில் எடுத்துக்காட்டுகிறார். சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல், புயலில் தத்தளிக்கும் கப்பலை நோக்கி மீனவர்கள் தாமாகவே துடுப்புப் போடுகிறார்கள். படித்துவிட்டு மறுக்கலாம், படிக்காமல் மறுப்பதுதான் எரிச்சலூட்டுகிறது. அவருடைய 'பரஸ்பர உதவி' (1902) இன்னும் ஆழமானது, ஆனால் விலங்குகள் பற்றிய முதல் அத்தியாயங்களில் பொறுமை வேண்டும்.

சென்னையில் 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவையும் விட்டுவிட்டீர்கள். புதுச்சேரியில் பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு இருந்தவர்; 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர்; பிறகு அரசின்மைவாதியாகி, 1954இல் பம்பாயில் காலமானார். அவர் கட்டுரைகளுக்குத் தங்கள் இணைப்பில் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
சிவகாசி