மாரிஸ் டாப்: விடுபட்ட பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1924 முதல் 1967 வரை பொருளியல் கற்பித்த மாரிஸ் டாப் குறித்துத் தங்கள் இதழில் கட்டுரை வந்ததே மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், பின்னாளில் சோவியத் உளவாளியென அறியப்பட்ட கிம் ஃபில்பி அவரிடம் யோசனை கேட்டுச் சென்ற கதைக்கும், அமர்த்தியா சென்னுக்கு ஆசிரியராக இருந்தவர் என்ற பெருமைக்கும் கிடைத்த இடம் அவருடைய ஆய்வுக்குக் கிடைக்கவில்லை. உளவுக் கதைகள் சுவையானவைதாம். ஆனால், 1933-இல் மாணவரான ஃபில்பிக்குப் பாரிஸிலிருந்த ஒரு குழுவைச் சுட்டிக்காட்டிய நிகழ்ச்சி, எழுபத்தாறு ஆண்டு வாழ்ந்த ஓர் அறிஞரின் வரலாற்றில் பாதியை விழுங்கிவிட வேண்டுமா?

கட்டுரை முழுவதும் 'பேராசிரியர் டாப்' என்றே குறிப்பிடப்படுகிறார். உண்மையில் அந்தப் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1920-களின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்ட அவருக்கு, டிரினிட்டி கல்லூரியில் ஆய்வறிஞர் தகுதி 1948-இல்தான் வந்தது. பேராசிரியருக்கு அடுத்த படியான ரீடர் பதவியோ 1959-இல். இந்தத் தாமதத்துக்கு அரசியலே முழுக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அரசியலுக்கு அதில் பங்கே இல்லை என்று நம்புவதும் கடினம்.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது, முதலாளித்துவத்தின் வளர்ச்சி பற்றி 1946-இல் அவர் வெளியிட்ட நூல். வணிகம் பெருகியதால் நிலப்பிரபுத்துவ முறை கரைந்தது என்ற பரவலான கருத்தை அவர் ஏற்கவில்லை. பிரபுக்களின் வருவாய்த் தேவை ஏறிக்கொண்டே போக, அதை ஈடுகட்டக் குடியானவர்களை மேலும் மேலும் கசக்கிப் பிழிந்ததும், தாங்க முடியாத அவர்கள் நிலத்தைவிட்டு ஓடியதுமே அம்முறையை உள்ளிருந்து தளர்த்தின என்பது அவர் வாதம். சந்தைக்கான தானிய உற்பத்தி பெருகிய கிழக்கு ஐரோப்பாவில் பண்ணையடிமை முறை ஒழியாமல் மேலும் இறுகியது ஏன் என்று அவர் எழுப்பிய கேள்வியை வணிகத்தை முதன்மைப்படுத்துவோர் எளிதில் கடந்துவிட முடியாது. இந்நூலை மறுத்து அமெரிக்க மார்க்சியப் பொருளியலாளர் பால் ஸ்வீசி 1950-இல் எழுத, ஜப்பானின் தகஹாஷி, இங்கிலாந்தின் ரோட்னி ஹில்டன், கிறிஸ்டோபர் ஹில் ஆகிய வரலாற்றாசிரியர்களும் கலந்துகொள்ள, அது பல நாட்டு விவாதமாக விரிந்தது. உற்பத்தியாளனே முதலாளியாக எழும் வழி ஒன்று, வணிகன் உற்பத்தியைத் தன் கைக்குள் கொண்டுவரும் வழி மற்றொன்று என மார்க்ஸ் காட்டிய பிரிவை டாப் தம் ஆய்வின் நடுவில் வைத்தார். இந்திய வேளாண்மையின் உற்பத்தி முறை குறித்து 1970-களில் நம் பொருளியலாளர்கள் மோதிக்கொண்டதைப் படித்தவர்களுக்கு இந்த வினாக்கள் புதியவை அல்ல.

இந்தியத் தொடர்பையும் கட்டுரை சென்னோடு முடித்துவிடுகிறது. சென் 1953-இல் டிரினிட்டிக்குப் போவதற்கு முன்பே, 1951-இல், டெல்லிப் பொருளியல் பள்ளிக்காகப் பொருளாதார வளர்ச்சி குறித்து டாப் ஆற்றிய மூன்று உரைகள் நூலாக வந்துவிட்டன. உழைப்பாளர்கள் மிகுந்த நாடு என்பதாலேயே ஆட்களை அதிகம் அமர்த்தும் தொழில்நுட்பத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற முடிவு சரியல்ல. மறுமுதலீட்டுக்கு எவ்வளவு உபரி மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்து. இதைத்தான் நம் கல்லூரிப் பாடங்களில் டாப்–சென் என்று இரு பெயரையும் இணைத்துச் சொல்லித்தந்தோம். அந்த உபரி உண்மையிலேயே மறுமுதலீடாகுமா, அதற்குள் வேலையற்றவர்கள் எதை உண்டு காத்திருப்பார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விகள்தாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சோவியத் பொருளாதார வளர்ச்சி பற்றி 1948-இல் அவர் வெளியிட்ட நூல், குடியானவர் நிலங்களைக் கட்டாயமாக ஒன்றிணைத்த கூட்டுப்பண்ணையாக்கத்துக்கு மக்கள் கொடுத்த விலையை, குறிப்பாக 1932–33 பஞ்சத்தின் உயிரிழப்பை, உரிய கனத்தோடு எடைபோடவில்லை என்பதே என் கணிப்பு. ஆங்கிலேயக் குடியானவர்மீது விழுந்த நெருக்குதலை அவ்வளவு நுணுகி ஆராய்ந்தவர் உக்ரைனியக் குடியானவரிடம் வரும்போது அந்தக் கூர்மையைத் தளர்த்திக்கொண்டார். 1956-இல் ஹங்கேரி எழுச்சியைச் சோவியத் படை ஒடுக்கிய பின் பல அறிஞர்கள் கட்சியைவிட்டு விலகியபோதும் அவர் விலகவில்லை. கட்டுரையாளர் இதை 'கொள்கைப் பிடிப்பு' என்று மட்டும் சொல்லி நகர்ந்திருக்கக் கூடாது.

அடுத்த இதழில், கேம்பிரிட்ஜில் பணியாற்றிய இத்தாலியப் பொருளியலாளர் பியரோ ஸ்ராஃபா பற்றிய கட்டுரை வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். செவ்வியல் பொருளியலறிஞர் டேவிட் ரிக்கார்டோவின் படைப்புகளைப் பதிப்பிக்கும் பணி ஸ்ராஃபாவிடம் 1930-இல் ஒப்படைக்கப்பட்டது. அயர்லாந்தில் 1943-இல் புதிய கடிதங்கள் கிடைத்ததும், எழுதி முடிப்பதில் ஸ்ராஃபாவுக்கு இருந்த தயக்கமும் சேர்ந்து அதை நீட்டிக்கொண்டே போயின. 1948-இல் டாப் துணைக்கு வந்த பிறகுதான் பணி வேகம் பிடித்து, 1951-இல் முதல் தொகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொரு தொகுதியின் தலைப்புப் பக்கத்திலும் 'டாப்பின் ஒத்துழைப்புடன்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுரையிலேனும் இப்பங்களிப்பு இடம்பெற ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை