தரங்கம்பாடி ரயில் குறித்து ஒரு திறந்த மடல்

மயிலாடுதுறை - தரங்கம்பாடி இருப்புப்பாதை குறித்து முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ள பெரியோர்களுக்கு,

வணக்கம். 1986-இல் நிறுத்தப்பட்ட ரயிலைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். கோப்பு தங்களிடமே இருப்பதால் பின்னணியை விரிக்கவில்லை. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை மீண்டும் அமைத்துத் தர வேண்டும் என்பதே கோரிக்கை.

சென்ற திங்கட்கிழமை, மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் புறப்பட்ட, எழுபது வயதைக் கடந்த மீனவப் பெண்மணி ஒருவருக்குத் துணையாக மன்னம்பந்தலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். முழங்கால் வலியால் நெரிசலில் படியேற இயலாமல் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறிய அவர், செம்பனார்கோயில் வரை கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். மன்னம்பந்தலில் இறங்கியதும், "இங்கதானே தம்பி அப்ப ரயிலு நிக்கும்? கூடையோட உக்காந்தே வருவேனே" என்றார். எங்கள் பழைய ரயில் நின்று சென்ற ஊருக்கே மாவட்டத் தலைமையிடம் வந்துவிட்டது, ரயிலைத்தான் காணவில்லை.

தலைமையிடம் என்பது தரங்கம்பாடிக்குப் புதிய சொல்லன்று. 1620 முதல் டென்மார்க் நாட்டினரான டேனியர் ஆண்ட இவ்வூரை, 1845-இல் வங்கத்தில் அவர்களிடமிருந்த செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் வாங்கிய பின், 1860 வரை தஞ்சை மாவட்ட ஆட்சியர் இங்கிருந்துதான் நிர்வாகம் செய்தார். அவர் தஞ்சைக்குப் போனார். அடுத்த ஆண்டே நாகப்பட்டினத்துக்கு ரயில் வர, எங்கள் துறைமுகத்தின் வணிகமும் அங்கே போயிற்று. ரயில் இல்லாமல் ஒருமுறை தேய்ந்த ஊர், 1926-இல் கிடைத்த ரயிலையும் அறுபதே ஆண்டுகளில் இழந்தது.

இலாபம் வராது என்று இனியும் சொல்வீர்களானால், 1894-இல் மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டைக்கு இருப்புப்பாதை போட்டது தஞ்சை மாவட்ட போர்டு என்பதை, குடிகளிடம் மேல்வரி வசூலித்து அது செய்த வேலை என்பதை, நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இன்றோ, பாரம்பரிய நகரம் என்று பலகை வைத்துப் பயணிகளை வருக வருக என்கிறோம். டேனியரைப் போல அவர்களும் கப்பலேறி வந்து கோட்டை வாசலில் இறங்கிக்கொள்வார்கள் என்பது நம் எண்ணம் போலும். அறுபதும் எண்பதும் காண, இதே பாதையில் இருந்த திருக்கடையூருக்கு வரும் முதிய தம்பதியருக்கு அந்த வசதியும் இல்லை.

வார்த்தை சற்றுக் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டும். பாதையை மீண்டும் அமைத்துத் தாருங்கள். இயலாது என்றால், காரணத்தையாவது எழுத்தில் தெரிவியுங்கள். அன்று அந்த அம்மையார் தம் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். இந்த மடலுக்கும் அப்படியொரு சீட்டை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தரங்கம்பாடிவாசி ஒருவன்