திரையில் வந்த ராமன்

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு நண்பா,

உன் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதி அடைந்தேன். இனி நீயே படித்துக்கொள்ளலாம் என்பதால் மனத்தில் உள்ளதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை மகள் வற்புறுத்தி அழைத்துச் சென்றதால், வாழ்நாளில் முதன்முறையாகக் கிளந்தான் மாநிலத்தின் வாயாங் கூலிட் என்னும் நிழற்கூத்தைப் பார்த்தேன். பதினைந்து ஆண்டுகள் கம்பன் வகுப்பில் அமர்ந்தவனுக்கு ராமகதையில் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் போனேன். திரையில் ஸ்ரீ ராமா பச்சை நிறத்தில் வந்தார். ராவணனுக்கு அங்கே மகாராஜா வானா என்று பெயர். நம் கதை இவ்வளவு தொலைவு வந்திருக்கிறதே என்று பூரித்துப் போனேன். ஆனால் அனுமன் ராமனைத் தந்தையே என்று அழைத்த கணத்தில், ‘தவறு’ என்று என் வாய் தானாகவே முணுமுணுத்தது. மலாய் ராமகதையில் அனுமன் ராமனுக்கும் சீதைக்கும் பிறந்த மகன் என்றும், சீதையோ ராவணனின் மகள் என்றும் என் மகள் காதருகே சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் அதில் எந்த வியப்புமின்றி, தாங்கள் பிறந்தது முதல் அறிந்த கதையைக் கேட்பவர்களாக அமர்ந்திருந்தார்கள்.

கோமாளியான பாக் டோகோல் பேசத் தொடங்கியதும் கூடமே சிரித்தது. அறுபது ஆண்டுகளாக மலாய் பேசிவரும் எனக்குக் கிளந்தான் பேச்சில் பாதிகூட விளங்கவில்லை. கோமாளி என்றாலும் அவர் வானுலகிலிருந்து இறங்கிவந்த தெய்வம் என்பது அவர்களின் நம்பிக்கை. முடிந்தபின் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு விளக்கு, பாவைகளைக் குத்தி நிறுத்திய வாழைத்தண்டு, அத்தனை பேருக்கும் தாமே குரல் கொடுத்துக் களைத்திருந்த ஒரே தாலாங், அதாவது பாவையாட்டுபவர். நம் ஊர்த் தோல்பாவைக் கூத்து என் நினைவுக்கு வந்தது. அதையும் நான் நேரில் கண்டதில்லை.

வீடு திரும்பியதிலிருந்து, அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் இருந்த கிளந்தான்காரரின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு ராமநவமிக்குப் பானகம் கொண்டுபோய்க் கொடுத்து, ராமன் யார், சீதை யார் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் அவருக்கு விளக்கினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டு நன்றி சொன்னார். ‘உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள்?’ என்று நான் கேட்கவே இல்லை. 1990களில் கிளந்தான் மாநில அரசு இக்கூத்தைப் பொதுவில் நிகழ்த்தத் தடை விதித்தபோதும், அதை யாருடைய வீட்டுச் செய்தியாகவோ எண்ணிக் கடந்துவிட்டேன். என் உலகின் எல்லை எங்கோ தொலைவில், நான் அறியாத பொருள்களில்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அந்த எல்லையோ, எனக்கே உரியது என்று நான் நினைத்த கதையின் நடுவில் இருந்திருக்கிறது. இதை நினைக்கையில் வெட்கமாக இருக்கிறது.

ஜார்ஜ் டவுனில் உன் வீட்டெதிரே ஒவ்வோர் ஆண்டும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் கூத்து மேடை போடுவார்கள் என்றும், தாளச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்றும் எத்தனை கடிதங்களில் எழுதியிருக்கிறாய்! அங்கே என்ன கதை நடக்கிறது என்று நீயும் எழுதியதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த ஆண்டு மேடை எழும்பியதும் எனக்குத் தகவல் சொல். இரவுப் பேருந்தில் வந்துவிடுகிறேன். அந்த மாதத்தில் இறந்தோரின் ஆவிகள் வரும் என்பது சீனர்களின் நம்பிக்கை என்பதால், முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுவார்கள். நாம் இரண்டாம் வரிசையில் அமர்வோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்