காய்ந்த உப்பு

அன்புள்ள செல்வம்,

மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. டிக்கெட் போட்டாயிற்று, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுவேன்.

போன ஞாயிறு, இங்கே துருக்கியில், அங்காராவுக்குத் தெற்கே ஷெரெஃப்லிகோச்ஹிசார் என்ற ஊருக்குப் போனேன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊர் தாண்டிவிடும். அதை ஒட்டித்தான் துஸ் கோலு, அதாவது உப்பு ஏரி. வான் ஏரிக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் பெரியது. உள்ளே வரும் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. வெயிலில் வற்றி, கோடை முடிவில் உப்பு பாளமாகக் கிடக்கிறது. நான் நின்ற இடத்தில் நம் உப்பளம் மாதிரி பாத்தியும் இல்லை, வரப்பும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம். குதிகால் வெடிப்பில் உப்பு இறங்கியதும் உயிர் போய்விட்டது! 2021 கோடையில் இங்கே தண்ணீர் வற்றி, பூநாரைக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. வறட்சி ஒரு பக்கம், ஏரிக்கு வரவேண்டிய தண்ணீரை வயலுக்குத் திருப்பியது இன்னொரு பக்கம் என்றார்கள் பறவை ஆர்வலர்கள்.

வாடகை ஏறியபோது எங்கள் வீட்டுக்காரப் பாட்டி மாடிவீட்டுக்காரரைப் பற்றி, "துஸு குரு" என்றாள். 'அவன் உப்பு காய்ந்திருக்கிறது.' ஏதோ சமையல் விஷயம் என்று நினைத்துவிட்டேன். கவலையில்லாத வசதிக்காரன் என்று அர்த்தமாம். ஐப்பசி அடைமழையில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி கசிந்து, அம்மா புலம்புவாரே, அது ஞாபகம் வந்தது. உப்பு காய்ந்திருக்கிற வீடு நல்ல வீடுதான்! ஹோட்டல் பில் எகிறினால் 'உப்பாக இருக்கிறது' என்பார்கள். 'உப்பு ரொட்டிக் கடன்' என்றும் ஒரு பேச்சு உண்டு. நம் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' தான், ரொட்டி மட்டும் கூடுதல்.

இன்னொன்று கேள். பெண் கேட்டு வரும் மாப்பிள்ளைக்குப் பெண்ணே காபி போட்டுக் கொடுக்கிறாள், சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டு. முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் பையன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு குடம் தண்ணீர் குடித்தானாம். உன் மகளிடம் சொல்லி வை, மறுவீட்டுக்கு உதவும்.

அப்புறம், ஏரி உப்பு ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். தூத்துக்குடிக்கு உப்பு கொண்டுவருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் கொண்டுவருவேன், சிரிக்காமல் வாங்கிக்கொள்.

உன்,
ரவி