காசியை ஆற்றிலிருந்து பார்க்கும் வழி

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும், மறுபடி இரவில் உட்கார்ந்து படிக்க முடிவதும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்குக் கோவைக்கு மாற்றலாகிவிட்டது, வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாசியில் அம்மாவையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு காசிக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். படகில் போவது எப்படி, எந்தப் படகு, எங்கே ஏறுவது, அம்மாவின் முழங்கால் தாங்குமா என்று கேட்டிருந்தாய். தெரிந்ததையெல்லாம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காலம். மாசி நல்ல தேர்வு. மார்கழியிலும் தை முன்பாதியிலும் மூடுபனி கவிந்தால் எதிரே இருக்கும் கட்டம்கூடத் தெரியாது (கட்டம் என்பது ஆற்றங்கரைப் படித்துறை). சில நாள் படகையே நிறுத்தி வைப்பார்கள். ஆடி முதல் புரட்டாசி வரை வெள்ளம்; நீர் ஏறியதும் நிர்வாகம் படகுகளுக்குத் தடை போட்டுவிடும். வெள்ளம் வடிந்த பிறகும் சில வாரம் படிகளில் சேறு கிடக்கும். குழாயால் நீரடித்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மாசியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சிவராத்திரியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களை மட்டும் விட்டுவிடு. அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கொண்டு ஆற்றங்கரைக்கு நடப்பது கஷ்டம்.

அடுத்து நேரம். காலையில்தான் போக வேண்டும். கங்கை காசியில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரை மேட்டில் இருக்கிறது. கிழக்குக் கரை தாழ்ந்த மணல். ஆண்டுதோறும் மூழ்குவதால் அங்கே எவரும் கட்டவில்லை. ஆகவே சூரியன் வெறும் மணலுக்கு மேலே எழுந்து, மறைப்பில்லாமல் நேரே ஊரின் முகத்தில் அடிக்கிறது. சுனார் மணற்கல்லில் கட்டிய அரண்மனைகள் அந்த அரை மணி நேரத்தில் காட்டும் நிறத்தை நாளின் வேறெந்த நேரத்திலும் பார்க்க முடியாது. மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். கட்டடங்கள் கருநிழலாகத்தான் தெரியும். மாசி நடுவில் சூரியோதயம் ஆறரைக்குச் சற்று முன்பு. ஆறு மணிக்கு நீங்கள் படகில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏறும் இடம் அஸ்ஸி. தெற்குக் கோடியில் இருக்கும் இந்தக் கட்டத்தின் பக்கம் வரை ஆட்டோ வரும். ஊர் நடுவில் இருக்கும் கோதௌலியா, தசாசுவமேதம் பக்கம் கடைசித் தூரத்தை நடந்துதான் கடக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. அஸ்ஸியிலிருந்து புறப்பட்டால் நீரோட்டத்தோடு போகலாம். எதிர்த்து வந்தால் துடுப்பு போடுபவருக்கு இரட்டை உழைப்பு. படகு கரையை ஒட்டியே ஊரும், படியைத் தவிர ஒன்றும் தெரியாது. எனவே ஒருவழிப் பயணமாகப் பேசு: அஸ்ஸியில் ஏற்றம், வடக்கே இருக்கும் பஞ்சகங்கை கட்டத்தில் இறக்கம். நிதானமாகப் போனால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். விடியலுக்கு முன்பே அஸ்ஸியில் ஆரத்தியும் சங்கீதமும் நடக்கும். 2014 முதல் நடத்துகிறார்கள். ஐந்தரைக்கு வந்துவிட்டால் கொஞ்சம் கேட்டுவிட்டே ஏறலாம்.

எந்தப் படகு? மூன்று வகை இருக்கிறது. துடுப்புப் படகு, எஞ்சின் படகு (டீசலில் ஓடியவற்றில் பெரும்பாலானவை 2021 முதல் சிஎன்ஜி எரிவாயுவுக்கு மாறின), மாடி வைத்த பெரிய சொகுசுப் படகு. துடுப்புப் படகைத்தான் எடுக்கச் சொல்வேன். எஞ்சின் சத்தம் இல்லை. கரையில் மணியோசை, துணி துவைக்கும் ஓசை, மந்திரம் எல்லாம் காதில் விழும். நில் என்றால் நிற்கும். எஞ்சின் படகு முக்கால் மணியில் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிடும். எதைப் பார்த்தோம் என்று மனத்தில் தங்காது. பெரிய படகில் கழிப்பறையும் நல்ல நாற்காலியும் இருப்பதால் அம்மாவால் தாழ உட்கார முடியவே முடியாது என்றால் அதுவே சரி. ஆனால் அது நடு ஆற்றிலேயே போகும், எங்கும் நிற்காது. துடுப்புப் படகில் கழிப்பறை கிடையாது என்பதால் விடுதியிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பேரம் பேசும்போது ஐந்து விஷயத்தை ஏறுவதற்கு முன்பே முடித்துவிடு: தொகை ஆளுக்கா, முழுப் படகுக்கா, எவ்வளவு நேரம், எங்கே இறக்கம், வேறு ஆட்களை ஏற்றுவாரா, துடுப்பா, எஞ்சினா. சச்சரவெல்லாம் முதல் கேள்வியில்தான் வரும். சொன்ன தொகை ஆளுக்கு என்று இறங்கும்போது சொன்னால் நீ ஒன்றும் செய்ய முடியாது. தொகையைக் கைபேசியில் தட்டி அவரிடம் காட்டிவிடு. முந்தின நாள் மாலையே கட்டத்துக்குப் போய், படகை நேரில் பார்த்துப் பேசி வைப்பது உத்தமம். அப்போதே அடிப்பலகையில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று பார். மரப்படகில் கொஞ்சம் நீர் கசியும். கணுக்கால் அளவு நின்றால் வேறு படகு பார்த்துக்கொள். எல்லோருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா, அதன் வார் மாட்டுகிறதா என்றும் பார். சட்டையை மடியில் வைத்துக்கொள்வதில் பயனில்லை.

ஏறுவதில்தான் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள். நீரை ஒட்டிய கடைசி இரண்டு படிகளில் பாசி இருக்கும். அம்மாவைப் படகுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, படகின் விளிம்பை மிதிக்காமல், நேரே நடுப்பலகையில் காலை வைக்கச் சொல். விளிம்பில் மிதித்தால் படகு சாயும். ஒருவர் உட்கார்ந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும். வடக்கே போகும்போது ஊர் உங்கள் இடப்பக்கம் வரும். படகின் வலது ஓரப் பலகையில் உட்கார்ந்து உள்நோக்கித் திரும்பினால் கழுத்தை வளைக்காமல் ஊர் முழுவதும் தெரியும். அந்த இடத்தை அம்மாவுக்குக் கொடு. எடை சமமாக இருக்க நீ இடப்பக்கம் உட்கார். கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி ஓட்டச் சொல். ஒட்டிப் போனால் மேல்மாடங்கள் மறைந்துவிடும்.

இனி எதைப் பார்ப்பது. மொத்தம் 84 கட்டங்கள் என்பார்கள். அத்தனைக்கும் பெயர் கேட்டுக்கொண்டிருக்காதே. கட்டடங்களின் கீழ்ப்பாதியைக் கவனி. அது பெரும்பாலும் மொட்டைச் சுவராக, கோட்டை மதில் மாதிரி இருக்கும். சாளரங்களும் வேலைப்பாடும் மிக உயரத்தில்தான் தொடங்கும். மாசியில் பார்க்கும் நீருக்கும் மழைக்கால உச்சத்துக்கும் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம். 1978 வெள்ளத்தில் கடல்மட்டத்துக்கு மேல் 73.9 மீட்டர் வரை ஏறியது. அபாய அளவு 71.26 மீட்டர்தான். அந்த நீரைத் தாங்கத்தான் அந்த மதில். ஓட்டத்தைத் திருப்பிவிடத்தான் உருண்டையான கொத்தளங்கள். இது மனத்தில் இருந்தால் ஒவ்வொரு கட்டடமும் ஏன் அப்படி நிற்கிறது என்று தானே விளங்கும்.

அஸ்ஸி தாண்டியதும் துளசி கட்டம். துளசிதாசர் 1623-இல் மறைந்தது இங்கேதான். அதை அடுத்து நீரேற்று நிலையத்தின் உயர்ந்த கோபுரம் நீருக்குள்ளேயே நிற்கும். ஊருக்குக் குடிநீர் எடுக்கும் இடம். பிறகு சேத் சிங் கட்டம். நான் சொன்ன மொட்டைச் சுவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1781-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி அரசர் சேத் சிங்கை இங்கே சிறைவைத்தபோது, அவர் தலைப்பாகைத் துணிகளை முடிந்து கயிறாக்கி, ஆற்றுப்பக்கச் சாளரம் வழியாக இறங்கிப் படகில் தப்பினார். கீழே படகில் இருந்து அந்த உயரத்தைப் பார்த்தால்தான் அவர் செய்த காரியத்தின் அளவு புரியும்.

அதற்கப்புறம் அனுமான் கட்டம். பாரதி 1898 முதல் 1902 வரை தங்கிய வீடு இதன் பின்சந்தில்தான். படகிலிருந்து தெரியாது, இன்னொரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். அரிச்சந்திர கட்டத்தில் சிதைகள் எரியும். அதைக் கடந்ததும் காவியும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய படிகள் தெரியும். கேதார கட்டம்! அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வை. குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் வந்து நிலைநிறுத்திய மடத்தின் தொடர்ச்சியாகக் குமாரசுவாமி மடம் இங்கே இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை ஒருவர் இவ்வளவு தூரம் வந்து ஊன்றிய கால், முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அசையாமல் நிற்கிறது. இங்கே ஐந்து நிமிடம் துடுப்பை நிறுத்தச் சொல். அம்மா படகிலிருந்தே கேதாரேசுவரரை நினைத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம்; படிகள் செங்குத்தானவை, அவருக்கு ஏற்றவை அல்ல.

அடுத்துப் பெரிய கட்டடம் தர்பங்கா மாளிகை. பழைய மாளிகை, இப்போது விடுதி. அதன் இரு பக்கக் கோபுரங்களும் நீர்மட்டத்திலிருந்தே எழுவதைப் பார். தசாசுவமேதத்தில் கூட்டம் இருக்கும், நிற்க வேண்டாம். அதை ஒட்டிய மான்மந்திரத்தில் நிற்கலாம். ராஜஸ்தானத்து ஆம்பேரின் அரசர் மான்சிங் 1600-ஐ ஒட்டிக் கட்டிய மாளிகை. ஒரு மூலையில் தொங்கும் கல் மாடம் அற்புதமான வேலை. மொட்டைமாடியில் 18-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஜெய்சிங் வைத்த வானியல் கருவிகள் இருக்கின்றன. லலிதா கட்டத்தில் மரச் செதுக்கல்களோடு நேபாளக் கோயில். பக்கத்தில் புதிதாகத் தெரியும் அகன்ற படியும் வாயிலும் விசுவநாதர் கோயிலுக்குப் போகும் வழி. 2021 டிசம்பரில் திறந்தார்கள். தரிசனத்துக்கு இங்கேயே இறங்கலாமே என்று தோன்றும். கோயிலுக்குள் கைபேசி கூடாது. படகுப் பயணத்துக்குக் கொண்டுவந்ததையெல்லாம் பெட்டகத்தில் வைக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இரண்டையும் தனித்தனி நாளில் வைத்துக்கொள்.

சிதைகள் எரியும் இன்னொரு கட்டமான மணிகர்ணிகையில் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடு. எரிந்துகொண்டிருப்பது யாரோ ஒருவரின் தகப்பன், தாய். படம் எடுக்கக் கூடாது என்பது அங்கே கறாரான வழக்கம். மீறினால் தகராறு வரும், வருவதும் நியாயம். விறகு ஏற்றிய பெரிய படகுகள் நிற்பதால் நம் படகு தள்ளித்தான் போகும். அருகில் போய்க் காட்டுகிறேன், ஏழைகளின் விறகுக்குக் காசு கொடுங்கள் என்று யாராவது தொடர்ந்து வந்தால் பேச்சு வளர்க்காதே. இதைக் கடந்ததும் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும் இரத்னேசுவரர் கோயில். அடித்தளம் வண்டலில் இறங்கியதால் வந்த சாய்வு; ஆண்டில் பல மாதம் கருவறை நீருக்குள்தான். நீர் குறையும் மாதங்களில் முழுமையாகத் தெரியும்.

பிறகு போன்ஸ்லே மாளிகை, பஞ்சகங்கை. மேலே நிற்பது ஔரங்கசீப் காலத்துப் பள்ளிவாசல். முன்பு அங்கே பிந்துமாதவர் கோயில் இருந்தது. பள்ளிவாசலின் உயர்ந்த ஸ்தூபிகள்தான் ஒரு காலத்தில் காசியின் அடையாளம். ஒன்று 1948-இல் விழுந்தது, மற்றதைப் பிறகு இறக்கினார்கள். இறக்கம் இங்கேதான், ஆனால் படி அதிகம். அம்மா ஏற முடியாது என்றால் இன்னும் வடக்கே, 1887-இல் திறந்த இரட்டையடுக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமோ கட்டத்தில் இறங்கு. அங்கே வண்டி கிட்டத்தில் வரும். கூடுதலாக அரை மணிக்கு மேல் ஆகும்; தொகையில் முதலிலேயே சேர்த்துப் பேசிவிடு.

அம்மா பஞ்சதீர்த்த யாத்திரை செய்ய விரும்புவார் என்று நினைக்கிறேன். அதன் வரிசை அஸ்ஸி, தசாசுவமேதம், வருணை ஆறு கங்கையில் கூடும் ஆதிகேசவம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை. மூன்றாவது வரை ஓட்டத்தோடு போய், பிறகு எதிர்த்துத் திரும்ப வேண்டும். அதற்கு மட்டும் எஞ்சின் படகு எடு. முழுக்கு, சங்கல்பம் எல்லாம் சேர்த்து அரை நாள் ஒதுக்கு. அதை வேடிக்கைப் பயணத்தோடு கலந்தால் இரண்டும் கெடும்.

மாலை ஆரத்தியைப் படகிலிருந்து பார்ப்பது பற்றிக் கேட்டாய். ஆரத்தி எடுப்பவர்கள் ஆற்றைப் பார்த்து நிற்பதால் படகிலிருந்து முகம் தெரியும், அது உண்மை. ஆனால் படகுகள் ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். முக்கால் மணிக்கு நடுவில் வெளியே வர முடியாது. அம்மாவுக்கு அசதி என்றால் இதை விட்டுவிடலாம். பார்ப்பதானால் வரிசையின் வெளி ஓரத்தில் நிறுத்தச் சொல்.

இரண்டு சின்ன விஷயம். குளிர்காலத்தில் வெள்ளைக் கடற்காகங்கள் படகைச் சுற்றும். அவற்றுக்குப் போடச் சொல்லி சேவு பொட்டலம் விற்பார்கள். வாங்காதே, எண்ணெயில் பொரித்தது பறவைக்கு ஆகாது. விளக்கு விடுவதானால் இலைத் தொன்னையில் வைத்ததாக வாங்கு.

ஆறு மணிக் காற்று நீரின் மேல் கடுமையாக இருக்கும். அம்மாவுக்குக் காது மூடும் துணியும் கால் உறையும் எடுத்து வை. இந்தி தயக்கமாக இருந்தால் இதை மனப்பாடம் செய்துகொள்: “பூரி நாவ் கா கித்னா? அஸ்ஸீ சே பஞ்சகங்கா, சப்பூ சே, தீரே தீரே.” முழுப் படகுக்கு எவ்வளவு, அஸ்ஸியிலிருந்து பஞ்சகங்கை, துடுப்பில், மெதுவாக. இவ்வளவு போதும்.

தேதி உறுதியானதும் எழுது. கேதார கட்டத்தில் கும்பிடும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி அம்மாவிடம் சொல். அவருக்கு என் நமஸ்காரம், அக்காவுக்கு அன்பு.

உன்,
வேதமூர்த்தி