செயற்கைக்கோளுக்கும் பொலார்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு சிறிய செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்ததால் சாமானியருக்கு என்ன பயன் என்று, தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் காரியத்தைப் பற்றி மக்கள் கேட்கத்தான் வேண்டும். நான் விஞ்ஞானி அல்லன். சென்னைத் துறைமுகத்தில் லஸ்கராக, அதாவது கடைநிலைப் படகுப் பணியாளனாகச் சேர்ந்து, செராங் என்னும் பணியாளர் தலைவனாகி, இழுவைப் படகை நடத்தும் டக் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். ஓடும் கப்பலோடு இழுவைப் படகை அணைத்து, வடம் மாட்டி, அதைப் பத்திரமாகக் கரை சேர்ப்பது ஒன்றே எனக்குத் தெரிந்த தொழில். அந்தத் தொழிலின் கண்கொண்டு பார்த்தபோது தோன்றியவற்றை அந்த அன்பருக்கும், இத்துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

2024 டிசம்பர் 30 அன்று இரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட் கிளம்பியதை ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேத்தியுடன் பார்த்தேன். தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு கலங்களை அது 475 கி.மீ. உயரத்தில் கொண்டுபோய்விட்டது. ஜனவரி 7 அன்று இணைப்பு என்றார்கள், பிறகு 9 என்றார்கள், பிறகு மறுபடியும் தள்ளிப்போனது. தெருவில் சிலர் இதைத் தோல்வி என்றே பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகி நகர்கின்றன என்று கண்டதும் நிறுத்தியவர்கள், ஜனவரி 12 அன்று 15 மீட்டர் வரையும் பிறகு 3 மீட்டர் வரையும் நெருங்கிப் பார்த்துவிட்டு, இணைக்காமலே பின்வாங்கினார்கள். அலை சரியில்லாதபோது கப்பலை நெருங்கிவிட்டுத் திரும்பி வருவதற்கு, ஒட்டுவதற்கு வேண்டியதைவிட அதிக நிதானம் வேண்டும் என்பதை நான் பல இரவுகளில் கற்றிருக்கிறேன்.

ஜனவரி 16 அன்று, மெரினாவில் காணும் பொங்கலுக்குக் கூட்டம் சேரும் முன்பே, இணைப்பு நடந்து முடிந்திருந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவற்றுக்குப் பிறகு இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா. 5 கி.மீ., 1.5 கி.மீ., 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர் என்று தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நின்று சரிபார்த்து, கடைசியில் நொடிக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று தொடுமாறு திட்டமிட்டிருந்தார்கள். முதலில் பிடித்தல், பிறகு உள்ளே இழுத்தல், பிறகு அசையாமல் பூட்டுதல் என்று மூன்று கட்டங்களை இஸ்ரோ அறிவித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாங்களும் முதலில் மெல்லிய கயிற்றை வீசுவோம், அதைப் பற்றிக் கனமான வடத்தை இழுப்போம், பிறகே பொலார்டில், அதாவது வடம் கட்டும் கனத்த இரும்புத் தூணில், சுற்றி இறுக்குவோம்.

விண்வெளியில் துரத்திப் பிடிப்பது கடலில் செய்வதைவிடக் கடினம். முன்னே செல்லும் கலத்தைப் பிடிக்கலாம் என்று பின்னால் இருப்பவர் வேகத்தைக் கூட்டினால், அவருடைய கலம் மேலே ஏறி, பெரிய வட்டத்தில் சுற்றத் தொடங்கி, முன்பிருந்ததைவிடப் பின்தங்கிவிடும். முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த வட்டத்துக்கு இறங்க வேண்டும், அங்கே சுற்று சிறிது என்பதால் முந்திச் சென்று, உரிய நேரத்தில் மீண்டும் மேலே ஏற வேண்டும். நொடிக்கு ஏழரை கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் சுற்றிக்கொண்டே நம்மவர்கள் இதைச் செய்தார்கள். ஏப்ரல் 20 அன்று மீண்டும் ஒருமுறை இணைத்து, ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரமும் கொடுத்துக் காட்டினார்கள்.

இனி, பயன் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். நம் தொலைக்காட்சிக்கும் தகவல் தொடர்புக்கும் உதவும் பெரிய செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில் உள்ளன. சந்திரனும் சூரியனும் அவற்றை இடைவிடாமல் இழுப்பதால், இடம் பெயராமல் இருக்க அவை தொடர்ந்து எரிபொருள் செலவிட வேண்டும். 15 ஆண்டுகளுக்குப் பிறகு கருவிகள் எல்லாம் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் மட்டும் தீர்ந்து, கலத்தைக் கைவிட நேர்கிறது. நம் முதல் இன்சாட்டான இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் ஏவப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரிலேயே எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்டது. அப்போது வேறு வழி எதுவும் இல்லை.

இன்று வழி உண்டு. 2001-இல் ஏவப்பட்ட இன்டெல்சாட் 901 என்ற செயற்கைக்கோளை, ஓய்வு கொடுத்துச் சுமார் 300 கி.மீ. மேலே ஒதுக்கிய நிலையில், அமெரிக்காவின் நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தின் எம்இவி-1 என்ற சேவைக் கலம் 2020 பிப்ரவரி 25 அன்று அணுகிப் பிடித்தது. செயற்கைக்கோளின் பெரிய எஞ்சின் வாய்க்குள் ஒரு கோலை நுழைத்து, உள்ளே விரித்து, பின்னோக்கி இழுத்து, ராக்கெட்டில் பொருத்துவதற்காக ஏற்கெனவே இருந்த வளையத்தின்மீது தன் கால்களை அழுத்திக்கொண்டது. எரிபொருளை ஊற்றவில்லை, தன்னுடைய எஞ்சினைக் கொண்டே அதைத் தாங்கிச் சென்றது. இழுவைப் படகு செய்வதும் அதுதான். ஏப்ரலில் அந்தச் செயற்கைக்கோள் மீண்டும் பணிக்குத் திரும்பி, ஐந்தாண்டு கூடுதலாக உழைத்தது. பிறகு எம்இவி-1 அதை, ஓய்வுபெற்ற கலங்களை விடும் ஒதுக்குப் பாதையில் விட்டுவிட்டு, 2025 ஏப்ரலில் அடுத்த பணிக்குப் புறப்பட்டது. அதன் தங்கையான எம்இவி-2, 2021 ஏப்ரல் 12 அன்று, ஒதுக்குப் பாதைக்கு அனுப்பாமல், பணியிலிருந்த இன்டெல்சாட் 10-02-ஐ அதன் இடத்திலேயே பிடித்தது.

நான் இக்கடிதத்தை எழுதுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பேடெக்ஸில் இரு கலங்களும் ஒன்றையொன்று பிடிப்பதற்காகவே செய்யப்பட்டவை. இரண்டிலும் இணைப்புக் கருவி இருந்தது, இருக்கும் இடத்தை ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொண்டன. ஆனால் மேலே சுற்றும் நம் பெரிய செயற்கைக்கோள்கள், யாரும் தம்மை வந்து பிடிப்பார்கள் என்று எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எம்இவி-1 பிடித்ததும், வேறு வேலைக்காக இருந்த எஞ்சின் வாயைத்தான். அந்த வாய்ப்பும் குறைந்துகொண்டே போகிறது. மின் உந்துவிசையை மட்டுமே நம்பும் புதிய செயற்கைக்கோள்களில் அந்தப் பெரிய எஞ்சினே இருப்பதில்லை.

என் பணிக்காலத்தில், ஐப்பசி மழையில், எஞ்சின் நின்றுபோய் வெளி நங்கூரத் தளத்தில் அலைந்த சரக்குக் கப்பல் ஒன்றுக்கு (பெயர் வேண்டாம்) வடம் கொடுத்தோம். இழுக்கத் தொடங்கியதும் அதன் பொலார்டு அடியோடு பெயர்ந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. வடம் சாட்டை போலத் திரும்பி எங்கள் தளத்தை அறைந்தது. இரண்டடி தள்ளி நின்றதால் என் கூட்டாளி உயிர் பிழைத்தார். எங்கள் படகில் வலு இருந்தது, கையில் திறமை இருந்தது, கப்பலில்தான் பிடிப்பதற்கு இடம் இல்லை. நல்ல கப்பல்களில் பொலார்டு மட்டுமல்ல, இழுவைப் படகு எந்த இடத்தில் தள்ளலாம் என்று பக்கவாட்டிலேயே வெள்ளை எழுத்தில் குறித்திருப்பார்கள். அந்தக் குறி இல்லாத இடத்தில் தள்ளினால் தகடு உள்வாங்கிவிடும்.

விண்வெளியிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. 1992 மே மாதத்தில், தவறான பாதையில் சிக்கிய இன்டெல்சாட் 603-ஐ மீட்க அமெரிக்காவின் எண்டெவர் விண்கலம் சென்றது. அதற்கென்றே செய்து கொண்டுபோன பிடிகோலை இருமுறை முயன்றும் மாட்ட முடியவில்லை. தொடும்போதெல்லாம் செயற்கைக்கோள் அசைந்து விலகியது. முடிவில் மூன்று வீரர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, நான்கு டன் எடையுள்ள அதைக் கையுறை அணிந்த கைகளாலேயே பிடித்து நிறுத்தினார்கள். 2013-இல், தரையிலேயே நிரப்பி அடைக்கப்படும் எரிபொருள் வால்வைத் திறக்க முடியுமா என்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் கனடாவின் டெக்ஸ்டர் ரோபோவைக் கொண்டு சோதித்தார்கள். அது பாதுகாப்புக் கம்பியை வெட்டி, மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிய பிறகே திரவத்தைச் செலுத்த முடிந்தது. ஆனால் 2007-இல், இதற்கென்றே வடிவமைத்து அமெரிக்கா அனுப்பிய ஆர்பிட்டல் எக்ஸ்பிரஸ் இணைக் கலங்களுக்கிடையே எரிபொருளும் மாறியது, மின்கலமும் மாறியது. ஹபிள் தொலைநோக்கி 1990 முதல் இயங்குவதற்கு, அதில் கைப்பிடிகளும் பற்றும் முனைகளும் முதலிலேயே இருந்ததும், 1993-க்கும் 2009-க்கும் இடையில் ஐந்து முறை வீரர்கள் சென்று பழுதுபார்த்ததும் காரணம். 2009-இல் கடைசியாகச் சென்றவர்கள், வருங்காலத்தில் ஏதேனும் ஒரு கலம் வந்து இணையட்டும் என்று ஒரு பிடி வளையத்தைப் பொருத்திவிட்டே திரும்பினார்கள். யார் வருவார், எப்போது வருவார் என்று தெரியாத நிலையில் அதைச் செய்த அவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

நம் அனுபவமும் இதையே கேட்கிறது. 2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் சென்ற என்விஎஸ்-02 வழிகாட்டிச் செயற்கைக்கோளை ராக்கெட் சரியான பாதையில்தான் விட்டது. ஆனால் எரிபொருள் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனேற்றியை எஞ்சினுக்கு அனுப்பும் வால்வுகள் திறக்காததால், அது உரிய உயரத்துக்கு ஏற முடியாமல் நீள்வட்டப் பாதையிலேயே நின்றுவிட்டது. பூமிக்கு மிக அருகில் வந்து போகும் அந்தப் பாதையில் சென்று பிடிப்பது எளிதல்ல என்பது எனக்கும் புரிகிறது. இருந்தாலும், முழுத் தொட்டி எரிபொருளோடும் நல்ல கருவிகளோடும் ஒரு புதுக் கலம் நிற்பதைக் கேள்விப்பட்டபோது, எஞ்சின் நின்ற கப்பலைக் கரையிலிருந்து பார்க்கும் வேதனையே எனக்கு வந்தது. 2012 அக்டோபரில் நிலம் புயலின்போது பெசன்ட் நகர் அருகே தரை தட்டி நின்ற எண்ணெய்க் கப்பலைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இனி இந்தியாவிலிருந்து செல்லும் ஒவ்வொரு பெரிய செயற்கைக்கோளிலும், அரசினுடையதானாலும் தனியாருடையதானாலும், சேவைக் கலம் பற்றிக்கொள்ள ஒரே அளவிலான பிடி வளையமும், தொலைவிலிருந்து கேமராவும் லேசரும் இனங்காணக்கூடிய பிரதிபலிப்புக் குறிகளும், மீண்டும் திறந்து மூடத்தக்க எரிபொருள் வாயும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று இஸ்ரோவும், தனியாருக்கு அனுமதி வழங்கும் இன்ஸ்பேஸ் அமைப்பும் விதி செய்ய வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒரு வடிவம் வைத்தால் பயனில்லை. உலகின் எந்தத் துறைமுகத்து இழுவைப் படகும் எந்த நாட்டுக் கப்பலுக்கும் வடம் கொடுக்க முடிவது, பொலார்டு எல்லா இடத்திலும் பொலார்டாகவே இருப்பதால்தான்.

எடை கூடும், செலவு கூடும் என்பார்கள். ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு என்பதால் அந்த மறுப்பை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் 220 கிலோ கலத்துக்குள் இணைப்புக் கருவி முழுவதையும் வைக்க நம்மால் முடிந்தது என்றால், 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 போன்றதில் வெறும் வளையத்துக்கும் குறிகளுக்கும் இடமில்லை என்று சொல்ல முடியாது. அசையும் பாகங்கள் எல்லாம் தேடி வரும் கலத்தில் இருந்தால் போதும்.

வேறொரு கவலையும் நியாயமானதே. நண்பன் பற்றும் பிடியைப் பகைவனும் பற்றலாம். 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செயலிழந்த தன் நாட்டு பெய்டோ வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஒன்றை இழுத்துச் சென்று ஒதுக்குப் பாதையில் விட்டபோது இந்தப் பேச்சு எழுந்தது. துறைமுகத்தில் கப்பல் தலைவரின் சம்மதம் இல்லாமல் எந்த இழுவைப் படகும் வடம் மாட்டுவதில்லை. உரிமையாளரின் ஒப்புதல் இன்றி நெருங்குவது குற்றம் என்ற விதியை மற்ற நாடுகளோடு பேசி உறுதி செய்வது நம் அரசின் கடமை. அதற்குப் பயந்து பிடியே வைக்காமல் விடுவது சரியாகாது.

இந்த விதியைத் தள்ளிப்போட முடியாததற்கு ஒரே காரணம்தான். கப்பலின் பொலார்டு பழுதானால் அடுத்த துறைமுகத்தில் பற்றவைத்துக்கொள்ளலாம். ஹபிளுக்குச் சென்றதுபோல வீரர்கள் போக முடியாத உயரத்துக்குச் செல்லும் செயற்கைக்கோளில், அது தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஒரு திருகாணியைக்கூட நாம் சேர்க்க முடியாது. இன்று வளையம் இல்லாமல் அனுப்பும் கலம் இன்னும் 15 ஆண்டுகளுக்கு வளையம் இல்லாமலேயே இருக்கும். 2030-க்குள் இந்திய விண்கலங்கள் எவையும் கழிவை மிச்சம் வைக்கக் கூடாது என்று இஸ்ரோ 2024-இல் இலக்கு அறிவித்திருக்கிறது. பிடி இருந்தால் செயலிழந்த கலத்தை இழுத்து அகற்றுவதும் எளிதாகும். அதற்குள் ஏவப்படவிருக்கும் செயற்கைக்கோள்களின் வரைபடங்கள் இப்போதே மேசைமீது இருக்கும். அவற்றில் இந்த வளையத்தை வரைந்துவிடுமாறு பொறியாளர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டக் மாஸ்டர்,
ராயபுரம், சென்னை.