குரூப் ஒதுக்கும் முன் அவளிடம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

பதினோராம் வகுப்புச் சேர்க்கையன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். என் மகள் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக வரலாறு உள்ள குரூப்பை எழுதியிருந்தாள். மேசையில் இருந்த ஆசிரியர் 468 என்ற மார்க்கைப் பார்த்தார். "இந்த மார்க்குக்கு ஹிஸ்டரியா?" என்றார். சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு மேலே "பயோ மேத்ஸ்" என்று எழுதி, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினாள். போன வருடம் நீங்கள்தான் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனீர்கள். அதற்கு இப்போதும் நன்றி சொல்கிறேன். அங்கே கிடைத்த பானை ஓடுகளை நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறாள். ஓர் ஓட்டில் 'ஆதன்', இன்னொன்றில் 'குவிரன் ஆதன்'. கீழே, தமிழி என்ற அந்தப் பழந்தமிழ் எழுத்துகளைத் தானே பழகி, தன் பெயரைப் பக்கம் முழுக்க எழுதிப் பார்த்திருக்கிறாள். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இது என்னோட பானைன்னு பேரைக் கீறி வச்சிருக்காரும்மா. அவங்கள்லாம் யாருன்னு தேடுற வேலைதான் எனக்கு வேணும்" என்றாள். எனக்கு 43 வயதாகிறது. நான் எதற்காக இருக்கிறேன் என்று இவ்வளவு தெளிவாக ஒருநாளும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பீர்கள். இதே மதுரையில், 1896 ஜூலையில், வேங்கடராமன் என்ற 16 வயதுப் பள்ளி மாணவர் தன் சித்தப்பா வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் வந்து படுத்துக்கொண்டு, இந்த உடம்பு செத்தால் நானும் செத்துவிடுவேனா என்று தன்னையே கேட்டார். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் இருந்தார். அவரைத்தான் ரமண மகரிஷி என்று கும்பிடுகிறோம். என் மகளை அவரோடு ஒப்பிடவில்லை. நான் யார் என்ற கேள்வி அந்த வயதிலேயே ஒரு பிள்ளைக்குள் எழும் என்றுதான் சொல்கிறேன். எழும்போது பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் காது கொடுக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்க் குறைந்தவர்களுக்குத்தான் வரலாறு என்று எல்லோர் முன்பும் சொன்னீர்கள். அந்த வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? கால அட்டவணையில் நன்னெறி வகுப்பு என்று இருக்கிறது. வருடம் முழுக்க அதில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்தான் நடந்தது. பிள்ளைகள் தங்கள் திறமையை அறிந்து வழியைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று அரசு 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தையே தொடங்கியது. நம் பள்ளியில் அந்தப் போஸ்டர் ஒட்டியிருக்கும் சுவருக்குக் கீழேதான் அந்தச் சேர்க்கை மேசை போட்டிருந்தது. நூறு சதவீதத் தேர்ச்சிக்கு வாசலில் பேனர் கட்டுகிறோம், சரி. உள்ளே இருக்கும் பிள்ளை யார் என்று பார்க்க நமக்கு எப்போதுதான் நேரம் வரும்?

கோபத்தில் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசிரியர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். நான் கேட்பது ஒன்றுதான். குரூப்பை முடிவு செய்யும் முன் அவளை உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று கேளுங்கள். அவளை மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளையும் கேளுங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவளோடு அலுவலகத்துக்கு வருகிறேன். அந்த விண்ணப்பத்தைத் தயவுசெய்து எடுத்து வையுங்கள். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு வருவாள்.

இப்படிக்கு,
மாணவி ஒருத்தியின் தாய்,
மதுரை